கயிற்றின் இரு முனை

சந்தியாகு பர்னாந்து இறந்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் மறுபடி வாய் திறந்து பேசப் போகிறார் என்று தெரிந்ததும் வெண்துறையில் அன்று ஒரு வள்ளம்கூடக் கடலில் இறங்கவில்லை.

காலைப் பூசை முடிந்த கையோடு ஊர் முழுக்கப் பங்கு மண்டபத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. மேடையில் பெரிதாக ஒன்றும் இல்லை. கறுப்புத் துணி விரித்த ஒரு மேசை, அதன்மேல் ஒலிபெருக்கி, மைக், பக்கத்தில் தஸ்நேவிஸின் மடிக்கணினி. உருவம் எதுவும் வைக்க வேண்டாம் என்று அவள்தான் பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள். சந்தியாகுவின் முகம் யாருக்கும் தெரியாது. தெரியாத முகத்தை வரைந்து வைத்தால் அது பொய் என்பது அவள் கட்சி. குரலும் அதே சங்கதிதான் என்பது அன்று அவளுக்கு உறைக்கவில்லை.

தஸ்நேவிஸ் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். தூத்துக்குடியில் ஒரு நினைவகத்தில் வேலை பார்த்தாள். 'மீள்குரல்' என்று அந்த வேலைக்குப் பெயர். செத்துப்போன ஒருவரைப் பற்றி மிச்சமிருக்கும் அத்தனையையும், கோவில் பதிவு, அதிகாரிகள் எழுதிவைத்தது, பாட்டு, வழிவழியாகச் சொல்லும் கதை என்று ஒன்றுவிடாமல் இயந்திரத்துக்குக் கொடுத்தால், அது அவரைப் போலவே யோசித்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். அரசர்களையும் பாகவதர்களையும் பேச வைத்தாகிவிட்டது. ஒரு முத்துக்குளிகாரரைப் பேச வைப்பது இதுதான் முதல் தடவை. அதுவும் அவள் குடும்பத்தின் மூத்த பாட்டனார். அவருடைய குரலுக்கு அடித்தளமாகத் தன் தம்பி ரெமிஜியுஸின் குரலையே வைத்திருந்தாள். ரத்தம் ஒன்றுதானே, குரலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தாள்.

சந்தியாகுவின் கதை தெரியாத பிள்ளை அந்த ஊரில் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு முத்துக்குளிப்புப் பருவம். நீரோட்டம் பேய் பிடித்ததுபோல் இருந்தது. யாரும் இறங்க மாட்டோம் என்றார்கள். குளிகாரர்களின் வீட்டுப் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய் அதிகாரி சரக்குக் கிட்டங்கியில் அடைத்துவிட்டான். சந்தியாகு அவனிடம் போய், "நான் ஒருத்தன் இறங்குதேன். நான் ஏறி வந்து கடல் நல்லாயிருக்குன்னு சொன்னா எல்லாரும் இறங்குவாவ. ஏறி வரலைன்னா எல்லாரையும் விட்டுடணும்" என்றார். இறங்கினார். ஏறி வரவில்லை. அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். கடற்கரையில் நிற்கும் கற்சிலுவை அவருக்காக ஊர் வைத்தது.

மண்டபத்தில் முதல் அரை மணி நேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. குரல் ஊர்ப் பேச்சில் பேசியது. முத்துச் சிப்பி விளைந்த பழைய பார்களின், கடலடிப் பாறைத்திட்டுகளின், பெயர்களைச் சொன்னது. கரைவலைப் பாட்டில் மறந்துபோன ஒரு அடியைப் பாடியது. கிழவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். பங்குத்தந்தை கிளீட்டஸ் மைக்கை வாங்கி, எல்லோர் மனதிலும் இருந்த கேள்வியைக் கேட்டார்.

"ஐயா, அன்னைக்கு அடியில என்ன நடந்துச்சு?"

ஒலிபெருக்கியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"கல்லப் பிடிச்சு இறங்குனேன். முதல்ல பச்சை. அப்புறம் நீலம். அப்புறம் நிறமே இல்ல. நீரோட்டம் ஆளை உருட்டுது. கூடைய விட்டுட்டேன். நெஞ்சு முட்டுது. கயித்த இழுத்தேன். மறுபடி இழுத்தேன். மேல இருந்து ஒண்ணும் வரல."

மண்டபத்தில் யாரோ ஒரு பெண் "மாதாவே" என்றாள். குரல் நிற்கவில்லை. அதே குரல், அதே நிதானத்தில், தொடர்ந்து சொன்னது.

"கயிறு எங்கையில அசைஞ்சுது. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கொஞ்சம் இருக்கட்டும்னு நெனச்சேன். கொஞ்சந்தான். அப்புறம் இழுத்தா, கயிறு லேசா வந்துச்சு."

 தஸ்நேவிஸ் கையை நீட்டிக் குரலை அணைத்தாள். அதற்குள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவரை ஊரே திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

அவர் கஸ்பார்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கரையில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். அந்தக் காலத்தில் அந்தக் குடும்பத்து அண்ணன் தம்பி இரண்டு பேரும் தங்கள் மூத்த மகனுக்குத் தங்கள் தகப்பன் பெயரையே வைத்தார்கள். அதனால் ஒரே வீட்டில் இரண்டு சந்தியாகு பர்னாந்து. அண்ணன் மகன் பெரிய சந்தியாகு, தம்பி மகன் சின்ன சந்தியாகு. பொதுவாகக் குளிகாரனுக்குக் கயிறு பிடிப்பது மச்சினன்தான். தன் தங்கச்சி தாலி அறுப்பதை எவனும் விரும்ப மாட்டான் அல்லவா? பெரிய சந்தியாகுவுக்கு மச்சினன் இல்லை. சின்னவர் பிடித்தார். பிறகு வெகுகாலம் உயிரோடிருந்து, யாரோடும் அதிகம் பேசாமல் செத்துப்போனார். கஸ்பார் அவர் வழி வந்தவர். தஸ்நேவிஸுக்கு முறையில் சித்தப்பா.

கஸ்பார் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

*

"ரெண்டு பேரையும் ஒரே ஆளா எடுத்துக்கிச்சு மேடம்" என்றான் இளவழகன், சென்னையிலிருந்து திரையில். இயந்திரத்தை வடிவமைத்த குழுவில் அவன் ஒருவன். "பேரு ஒண்ணு, ஊரு ஒண்ணு, அப்பா வழித் தாத்தா பேரும் ஒண்ணு. முக்காவாசிப் பதிவுல வருஷமே அழிஞ்சிருக்கு. மெஷின் என்ன பண்ணும்?"

"சரி, கலந்துடுச்சு. ஆனா 'கொஞ்சம் இருக்கட்டும்னு நெனச்சேன்'னு சொல்லுச்சே? அதை எங்கேருந்து எடுத்துச்சு?"

அவன் தேடிப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கேயும் இல்ல" என்றான்.

"எங்கேயும் இல்லைன்னா?"

"ஒருத்தன் கயித்தை இழுத்தான்னு இருக்கு. இன்னொருத்தன் மேலே பிடிச்சிருந்தான்னு இருக்கு. ஆள் வரலைன்னும் இருக்கு. நடுவுல ஒரு பள்ளம். அதை மெஷின் நிரப்பும். நம்ம மனசு செய்யாதா? அந்த மாதிரி. கிழிஞ்ச வலையைப் புது நூல் வச்சுப் பின்னுற மாதிரின்னு வச்சுக்குங்களேன்."

"எது பழைய நூல், எது புது நூல்னு கேக்குறவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்." அவன் கொஞ்சம் தயங்கினான். "தெரியாம இருக்கிறதுதான் இதோட சிறப்புன்னு நாம விளம்பரமே பண்றோம்."

தஸ்நேவிஸ் இதை ஊரில் சொல்லிப் பார்த்தாள். ஃபாதர் கிளீட்டஸ் ஞாயிறு பிரசங்கத்திலும் சொன்னார். எல்லோரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். வெளியே வந்து, "மனுசன் பொய் சொல்லுவான், மிசினுக்கு என்ன வந்துச்சு பொய் சொல்ல?" என்று பேசிக்கொண்டார்கள். இருநூறு வருஷமாக யாரும் கேட்காத ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கிடைத்த பதிலை இனி யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

அவளுக்கே அந்தக் குரலை விட முடியவில்லை. ஆளில்லாத மத்தியானங்களில் மண்டபத்துக் கதவைச் சாத்திக்கொண்டு அதோடு பேசிப் பார்த்தாள்.

"நீங்க பெரியவரா, சின்னவரா?"

"சந்தியாகு."

"கீழ இருந்தது யாரு?"

"நான்."

"கயிறு பிடிச்சது?"

"நான்."  பிறகு தம்பியின் குரலில், தம்பி சின்ன வயதில் அழுகையை அடக்கிக்கொண்டு பேசுவானே அந்த மாதிரி, அது கேட்டது: "என்னைய நானே ஏன் தூக்கல?"

அவள் அதை அணைத்துவிட்டு வெளியே வெயிலில் வந்து நின்றாள். மணல் கொதித்துக்கொண்டிருந்தது. 

*

முத்துக்குளிப்பு ஓய்ந்து எத்தனையோ காலமாகிவிட்டாலும் வெண்துறையில் சங்கு குளிக்கிறார்கள். இப்போது மூச்சை அடக்க வேண்டியதில்லை. வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். நீளமான காற்றுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குவார்கள். மேலே ஒருவர் குழாயையும் அதோடு கட்டிய கயிற்றையும் பிடித்துக்கொண்டு, கீழே இருப்பவனின் போக்கைக் கையாலேயே படித்துக்கொண்டு நிற்க வேண்டும். ரெமிஜியுஸ் சங்கு குளிக்கப் போன நாள் முதல் அவனுக்குக் குழாய் பிடித்தவர் கஸ்பார்தான்.

மண்டபத்தில் அது நடந்து சில வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டின்போது ரெமிஜியுஸ் சொன்னான்: "இனிமே மில்டன் வள்ளத்துல போறேன்க்கா."

தஸ்நேவிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏம்ல? சித்தப்பா என்ன செஞ்சாரு?"

"ஒண்ணும் செய்யல."

"அது மிசின் நிரப்பிக்கிட்டதுன்னு நான் சொன்னேன்லா? அந்த வார்த்தைய யாரும் சொல்லல. சின்னவரு சொல்லல. யாருமே சொல்லல."

"தெரியும்க்கா. நீ சொன்னா நான் நம்ப மாட்டேனா?" அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "கரையில நிக்கும்போது நம்புதேன். அடியில போனதும் காதுல கேக்குது. 'கொஞ்சம் இருக்கட்டும்.' அதுவும் எங்குரல்லயே கேக்குது. நான் சங்கப் பாப்பேனா, குழாயப் பாப்பேனா? ரெண்டு நாளா வெறுங்கையோட ஏறி வாரேன்."

"சித்தப்பாட்ட சொல்லிட்டியா?"

"அவரே சொன்னாரு. 'கைய நம்பாதவன் கடல்ல இறங்கக் கூடாது, நீ மில்டன்ட்ட போ'ன்னு."

கஸ்பாரிடம் வேறு யாரும் வரவில்லை. சங்குக்காரர்கள் அவருக்கு வணக்கம் சொன்னார்கள், பீடிக்கு நெருப்புக் கொடுத்தார்கள், அவர் வள்ளத்தில் மட்டும் ஏறவில்லை. யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அவருக்குப் பதில் சொல்லவாவது ஒரு வழி இருந்திருக்கும். கடைத்தெருவில் ஒருவன் இன்னொருவனிடம் தாமதமாக வந்தால், "என்ன, கொஞ்சம் இருக்கட்டும்னு நெனச்சியா?" என்று கேலி பேசும் வழக்கமும் வந்துவிட்டது. அவர் வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது.

*

மில்டன் ரெமிஜியுஸின் கூடப் படித்தவன். நல்ல தொழில்காரன், வலைத்தொழிலில். குழாய் பிடிப்பது அவனுக்குப் புதிது. அன்று கடல் அமைதியாகத்தான் இருந்தது. ரெமிஜியுஸ் பத்துப் பாக ஆழத்துக்குக் கீழே வெகு நேரமாக இருந்தான். கம்ப்ரசர் எஞ்சின் ஒரு தடவை இருமியது. மறுபடி இருமி நின்றுபோனது.

எஞ்சின் நின்றாலும் தொட்டியில் காற்று கொஞ்ச நேரம் மிச்சமிருக்கும். கயிற்றில் சைகை கொடுத்துவிட்டு, கீழே இருப்பவன் தானாக நிதானமாக ஏறி வர விட வேண்டும். மில்டன் விடவில்லை. கயிற்றைப் பிடித்தான், தன் பலம் முழுக்கக் கொடுத்து இழுத்தான். இழுத்துக்கொண்டே இருந்தான். ரெமிஜியுஸ் அடியிலிருந்து தூண்டில் மீன் மாதிரி நேராக மேலே வந்து சேர்ந்தான். சிரித்துக்கொண்டேதான் வள்ளத்தில் ஏறினானாம். "எதுக்குல இந்த இழுப்பு இழுத்த?" என்று கேட்டானாம். கரைக்கு வருவதற்குள் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

ஆழத்தில் ரத்தத்துக்குள் கரைந்த காற்று, சட்டென்று மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் குமிழ் குமிழாகக் கிளம்பும் என்றும், அது முதுகெலும்பில் போய் அடைத்துக்கொண்டது என்றும் டாக்டர் சொன்னார். உயிருக்கு ஆபத்தில்லை. கால்களைப் பற்றி அவர் வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மில்டன் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். தஸ்நேவிஸைக் கண்டதும் எழ முயன்று, முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இரண்டு உள்ளங்கையிலும் கயிறு உரசித் தோல் போயிருந்தது.

"மெல்ல விடணும்னு எனக்குத் தெரியும்க்கா" என்றான். "சத்தியமாத் தெரியும். ஆனா எஞ்சின் நின்னதும் ஒரே ஒரு நெனப்புதான் வந்துச்சு. இவனும் இருக்கட்டும்னு நெனச்சான்னு எம்பேரையும் சொல்லிப்புடக் கூடாது. எம்பிள்ளைக தலைமுறைக்கும் சொல்லிப்புடக் கூடாது. அதான் இழுத்தேன்."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனைத் திட்டுவதற்காகத்தான் வந்திருந்தாள். இப்போது அவன் கையைப் பார்த்ததும் வேறு என்னவோ புரிந்தது. யாரோ ஒருத்தர், இருநூறு வருஷத்துக்கு முன்னால், நினைத்தாரோ நினைக்கவில்லையோ தெரியாத ஒரு நினைப்பு. அதற்கு அவள் ஒரு குரல் கொடுத்தாள். அது மில்டனின் கையில் புகுந்து அவள் தம்பியின் முதுகை முறித்துவிட்டது.

*

கஸ்பார் கடற்கரையில், கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து தூண்டில் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

"ரெமி எப்படி இருக்கான்?"

"அப்படியேதான் இருக்கான் சித்தப்பா. கைக்கு ஒண்ணுமில்ல. காலுதான்."

அவர் தலையாட்டினார். மருந்து விவரங்கள் கேட்டார். அவனைப் புரட்டிப் போடுகிறார்களா, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்கிறார்களா என்று கேட்டார். பிறகு கேட்க எதுவும் இல்லாமல் கயிற்றுக்குத் திரும்பினார்.

"சித்தப்பா, நான் அதைத் திருத்தப் போறேன்" என்றாள் தஸ்நேவிஸ். வழி நெடுக யோசித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். "திருவிழாவுக்கு மறுபடி அவரைப் பேச வைப்பேன். இந்தத் தடவ பெரியவரு மட்டும். சின்னவன் மேல எந்தத் தப்பும் இல்ல, கயிறு பார்ல சிக்கிக்கிட்டுது, அவன் இழுத்துக்கிட்டேதான் இருந்தான்னு அவர் வாயாலயே சொல்ல வைக்கேன். ஊரு அதைத்தான நம்புது? அவரே சொன்னா நம்பும்."

"கயிறு சிக்குனது உனக்குத் தெரியுமா பிள்ளே?"

"தெரியாது."

"யாருக்காவது தெரியுமா?"



கஸ்பார் கயிற்றைக் கீழே வைத்தார். "செத்தவர் வாயில ஒரு பொய் போயி என்ன பாடு படுத்துதுன்னு பாத்தாச்சு. அதே வாயில எனக்காக இன்னொண்ணு போடணுமா? நாளைக்கு வேற ஒருத்தன் வந்து, எங்க தாத்தனையும் எனக்கு வேண்டியதச் சொல்ல வைன்னு கேப்பான். நீ நல்ல பிள்ள, மாட்டேன்னு சொல்லுவ. உனக்குப் பொறவு வாரவன் சொல்லுவானா?"

"அப்ப நான் என்னதான் செய்யட்டும்?"



"ரெண்டு பேரையும் பிரிக்க முடியுமா?"

"ஓரளவுக்கு முடியும்."

"பிரிச்சுடு. ஒரு உடம்புக்குள்ள ரெண்டு பேரப் போட்டு வச்சிருக்க. அது பாவம். பிரிச்சுட்டு என்னைக் கூப்பிடு. எங்க ஆளுன்னு ஒருத்தர் அதுல இருந்தா, நான் அவருகிட்ட ஒரு வார்த்த பேசணும். என்னன்னு கேக்காத."

*

பிரிக்கும் வேலை அவள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. ஒவ்வொரு துண்டையும் எடுத்து, இது பெரியவருடையதா சின்னவருடையதா என்று அவளும் இளவழகனும் பார்த்துக்கொண்டே வந்தார்கள். உறுதியாகச் சொல்ல முடியாததை எல்லாம் தூக்கி எறிந்தார்கள். இயந்திரம் நிரப்பியது அத்தனையையும் எறிந்தார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் மிஞ்சியது கைப்பிடி அளவுதான்.

"இது ஆளே இல்ல மேடம்" என்றான் இளவழகன். "நிழல். கேள்வி கேட்டா பதில் வருமான்னே தெரியல."

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ரெமிஜியுஸைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தவர் கஸ்பார். தானும் வர வேண்டும் என்று தம்பிதான் கேட்டிருந்தான். மண்டபத்தில் மூன்று பேர் மட்டும். ஜன்னல் வழியே காலை வெயில் விழுந்துகொண்டிருந்தது.

முதலில் பெரியவரை எழுப்பினாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. லேசான இரைச்சல் மட்டும்.

"தாத்தா, கேக்குதா?" என்றார் கஸ்பார்.

ரெமிஜியுஸின் குரல், ஆனால் வெகு தொலைவிலிருந்து வருவதுபோல், ஒலிபெருக்கியில் வந்தது.

"அவன் ஏறிட்டானா?"

தஸ்நேவிஸுக்கு முதலில் புரியவில்லை. கஸ்பார் அவளைப் பார்த்தார். அவள் மறுபடி கேட்கச் சொல்லிக் கை காட்டினாள். கஸ்பார் வேறு மாதிரி கேட்டார். வள்ளத்தைப் பற்றிக் கேட்டார், வீட்டைப் பற்றிக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் பதில் அதுவாகத்தான் இருந்தது. "அவன் ஏறிட்டானா?"

அதை நிறுத்திவிட்டுச் சின்னவரை எழுப்பினாள். கஸ்பார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் வாய் திறப்பதற்குள் அது கேட்டது.

"அவன் ஏறிட்டானா?"

இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. அதே கவலை, அதே இழுப்பு. கீழே போனவன் மேலே இருப்பவனைப் பார்த்து ஏன் அப்படிக் கேட்க வேண்டும்?

"அக்கா" என்றான் ரெமிஜியுஸ் மெல்ல. "கடல்ல இறங்குனது யாருக்கா?"

"பெரியவரு."

"யாரு சொன்னா? அதிகாரி என்னன்னு எழுதுனான்? சந்தியாகு பர்னாந்து இறங்குனான், வரலன்னு. கரைக்கு வந்தது யாரு? சந்தியாகு பர்னாந்து. ரெண்டு வீட்டுலயும் அந்தப் பேருதான். உயிர் விட்ட வீரனே நம்ம வீட்டுப் பாட்டனாரா இருக்கட்டும்னு யாரோ பெரியவருன்னு சொல்லி வச்சிருந்தா?"

அவள் இளவழகனைப் போனில் கூப்பிட்டாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் ரொம்ப நாள் கலந்து கிடந்ததால, ஒருத்தரோட மிச்சம் இன்னொருத்தர்கிட்ட ஒட்டியிருக்கலாம்" என்றான். "இல்ல, நிஜமாவே ரெண்டு பேரும் மாறி மாறி இறங்கியிருக்கலாம். கடைசியா இறங்குனது யாருன்னு பதிவே இல்லாம இருக்கலாம். என்னால சொல்ல முடியல மேடம். மன்னிச்சுக்குங்க. யாராலயும் இனி சொல்ல முடியாது."

தஸ்நேவிஸ் போனை வைத்தாள். தன் வீடு வீரனின் வழியா, அவனுக்குக் கயிறு பிடித்தவனின் வழியா என்று அவளுக்கு இப்போது தெரியவில்லை. இத்தனை வருஷம் அந்தக் கற்சிலுவைக்குப் பக்கத்தில் அவள் குடும்பம் முதல் வரிசையிலும் கஸ்பார் குடும்பம் பின்னாலும் நின்றதை நினைத்துப் பார்த்தாள்.

ஒலிபெருக்கி இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. "அவன் ஏறிட்டானா?"

கஸ்பார் மைக்கைப் பிடித்துக்கொண்டார். அவர் சொல்ல வந்திருந்த வார்த்தை என்னவோ, அதை அவர் சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, வள்ளத்தில் நின்று கரைக்குக் கூப்பிடுகிற மாதிரி, சத்தமாகச் சொன்னார்:

"ஏறிட்டாரு தாத்தா. பத்திரமா ஏறிட்டாரு. நீங்க கயித்த விடுங்க."

நீளமாக ஒரு மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பெரியவரையும் எழுப்பச் சொல்லி, அவரிடமும் அதையே சொன்னார். அங்கேயும் அதே மூச்சு. அதற்குப் பின் எத்தனை தடவை அழைத்தும் இரண்டு குரலும் பேசவில்லை.

"இதுவும் பொய்தான சித்தப்பா?" என்றாள் தஸ்நேவிஸ். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"ஆமா" என்றார் கஸ்பார். "இது நாம சொன்ன பொய். அவிய தலையில ஏத்தல. இனி ரெண்டு பேரையும் எழுப்பாத."

அன்றே அவள் இருவரையும் அழித்தாள். நினைவகத்தில் விளக்கம் கேட்டார்கள். சொன்னாள். வேலை போயிற்று.

*

ஊர் உடனே மாறிவிடவில்லை. சிலர் கஸ்பாரின் வள்ளத்தில் கடைசிவரை ஏறவே இல்லை. மில்டன் ஏறினான், முதல் ஆளாக. ரெமிஜியுஸின் கால்கள் திரும்பவில்லை. அவனை வள்ளத்துக்குத் தூக்கிப்போய் உட்கார வைத்து, கஸ்பார் குழாயை அவன் கையில் கொடுத்தார். கீழே இருந்தவனுக்குத்தான் மேலே இருப்பவனின் வேலை தெரியும் என்றார்.

திருவிழாவில் இறந்தவர்களுக்கான பூசை. கடற்கரையில் கற்சிலுவைக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். கடல் இரைந்துகொண்டிருந்தது. ஃபாதர் கிளீட்டஸ் வழக்கம்போல் ஊருக்காக உயிர் விட்டவரின் பெயரை வாசித்தார்.

"சந்தியாகு பர்னாந்து."

எல்லோரும் தலை குனிந்தார்கள். அவர் கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடி வாசித்தார்.

"சந்தியாகு பர்னாந்து."

தஸ்நேவிஸின் முதுகுக்குப் பின்னால் சலசலப்புக் கேட்டது. அந்தப் பெயரை யாரோ கூப்பிட்டு, யாரோ எழுந்து வரப்போகிறார்கள் என்பதுபோல் சிலர் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஃபாதர் மறந்துபோய் ஒரே பேர ரெண்டு தரம் வாசிச்சுட்டாரு" என்று ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம் முணுமுணுத்தான்.

கஸ்பார் திரும்பினார்.

"பேரு ஒண்ணுதான்" என்றார். "ஆளு ரெண்டு பேரு."